கொள்ளைக்கும் ஒரு லைசென்ஸ்!

(கோவளத்தில் மீனவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேச்சைத் துவக்குமுன் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறோம். இந்தக் கோவளம் கரையிலிருந்து விடியற்காலையில் ஒருவர் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறார். வலை விரித்துப் பாடுபட்டு, கூடை நிறைய மீனோடு திரும்புகிறார். வழியில் வேறொரு படகு குறுக்கே வந்து நிற்கிறது. அதில் இருப்பவர்கள் கத்தியைக் காட்டி மீனையும் வலையையும் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். இதற்கு என்ன பெயர்?

கொள்ளை என்கிறீர்கள். சரி, இன்னொரு கேள்வி. அந்தப் படகுக்காரன் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுகிறான். அதில் ராஜாவின் முத்திரை இருக்கிறது. "இன்ன தேசத்தாரின் கப்பலையும் சரக்கையும் பிடித்துக்கொள்ள இவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறது. இப்போது இதற்கு என்ன பெயர்?

சிரிக்கிறீர்கள். ஆனால் இது வேடிக்கைக் கதை அல்ல. முந்நூறு வருஷத்துக்கு மேல் உலகத்துக் கடல்களிலெல்லாம் இந்தக் காகிதம் ஆட்சி செய்தது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கரைக்கு எதிரே விரிந்து கிடக்கும் வங்காளக் குடாக் கடலிலும் ஆட்சி செய்தது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

காகிதத்தின் மகிமை

ஐரோப்பாவில் ராஜாக்களுக்குள் ஓயாத யுத்தம். யுத்தக் கப்பல் கட்டப் பணம் வேண்டும். மாலுமிக்குச் சம்பளம் வேண்டும். கஜானாவில் அவ்வளவு பணம் இல்லை. ஆகவே அவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். பணம் படைத்த வியாபாரிகளையும் பிரபுக்களையும் கூப்பிட்டார்கள். "கப்பலை நீங்களே கட்டுங்கள். பீரங்கியை நீங்களே வையுங்கள். ஆளையும் நீங்களே பிடியுங்கள். எதிரி தேசத்து வியாபாரக் கப்பல் அகப்பட்டால் பிடித்துக்கொள்ளுங்கள். நமக்கு ஒரு பங்கு வந்தால் போதும்" என்றார்கள்.

இதற்குக் கொடுத்த சீட்டுக்கு இங்கிலீஷில் லெட்டர் ஆஃப் மார்க் என்று பெயர். இந்தச் சீட்டோடு போகும் கப்பலுக்குப் பிரைவேட்டீர் என்று பெயர். நம் பாஷையில் சொன்னால் கொள்ளை லைசென்ஸ், அவ்வளவுதான்.

எல்லாம் சட்டப்படி நடக்கும். கப்பல் சொந்தக்காரர் ஜாமீன் எழுதிக் கொடுக்க வேண்டும். நட்பு நாட்டுக் கப்பலைத் தொடக்கூடாது. பிடித்த கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்து, அதற்கென்றே இருக்கும் கோர்ட்டில் காட்ட வேண்டும். "சரியான பிடிப்பு" என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னால் சரக்கு ஏலத்துக்கு வரும். ராஜாவுக்கு ஒரு பங்கு, பணம் போட்டவனுக்கு ஒரு பங்கு, மிச்சம் மீதி மாலுமிக்கு. கோர்ட்டு உண்டு, வக்கீல் உண்டு, கணக்கெழுத ஆள் உண்டு. அந்தச் சரக்கை உழைத்து உண்டாக்கியவனை மட்டும் அந்தக் கோர்ட்டில் யாரும் கூப்பிடவில்லை.

இதே காரியத்தைக் காகிதம் இல்லாமல் ஒருவன் செய்தால்? அவனுக்குக் கடற்கொள்ளைக்காரன் என்று பெயர். தண்டனை தூக்கு.

நம் கடலில் நமக்கே சீட்டு

நம் நாட்டுக்கு இந்தக் காகித வித்தை முதலில் வேறு வேஷத்தில் வந்தது. 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைப் பக்கம் வந்து சேர்ந்தான். சில வருஷங்களுக்குள் போர்த்துக்கீசியர் "இந்தக் கடல் எங்களுடையது" என்றார்கள். நம் நாட்டுக் கப்பல் நம் கடலில் போவதற்கு அவர்களிடம் சீட்டு வாங்க வேண்டும் என்று விதித்தார்கள். அந்தச் சீட்டுக்குக் கர்தாஸ் என்று பெயர். எந்தக் கப்பல், எங்கே போகிறது, என்ன ஆயுதம் இருக்கிறது எல்லாம் அதில் எழுதப்படும். அவர்கள் துறைமுகத்தில் சுங்கம் கட்ட வேண்டும். சீட்டு இல்லாத கப்பல் அகப்பட்டால் சரக்கு போயிற்று, கப்பலும் போயிற்று.

கவனியுங்கள். கொள்ளையடிப்பதற்கு ஒரு சீட்டு. கொள்ளையடிக்கப்படாமல் இருப்பதற்கு ஒரு சீட்டு. இரண்டையும் எழுதிக் கொடுப்பது ஒரே கை.

இதை எதிர்த்தவர்கள் என்ன ஆனார்கள்? மலபார்க் கரையில் குஞ்ஞாலி மரக்காயர்கள் மூன்று தலைமுறைக்கு மேல் போர்த்துக்கீசியரோடு போராடினார்கள். அவர்கள் சாமூத்திரி அரசரின் கடற்படைத் தலைவர்கள். போர்த்துக்கீசியர் அவர்களைக் கொள்ளைக்காரர் என்று எழுதி வைத்தார்கள். கடைசியில் சாமூத்திரியே போர்த்துக்கீசியரோடு சேர்ந்துகொண்டார். நான்காவது குஞ்ஞாலியை 1600-ல் கோவாவுக்குக் கொண்டு போய்த் தலையை வெட்டினார்கள். பின்னாளில் கொங்கணக் கரையில் கானோஜி ஆங்கரே, மராட்டிய அரசின் கடற்படைத் தலைவராக இருந்தார். கடலில் போகும் கப்பலுக்கு அவரும் சீட்டுக் கொடுத்தார். உடனே ஆங்கிலேயர் அவரைக் கொள்ளைக்காரன் என்றார்கள். 1721-ல் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் சேர்ந்து கொலாபாக் கோட்டையைத் தாக்கித் தோற்றுப் போனார்கள்.

லண்டன் சீட்டு செல்லும், லிஸ்பன் சீட்டு செல்லும், சதாராச் சீட்டு செல்லாது. ஏன்? எழுத்தில் குற்றம் இல்லை. யாருடைய பீரங்கி பெரிதோ அவன் சீட்டுத்தான் சட்டம்.

நம் நெசவாளி நெய்த துணி

ஆலைத் தோழர்களே, இது உங்களுக்காக.

1600 டிசம்பர் 31-ம் தேதி எலிசபெத் ராணி லண்டன் வியாபாரிகளுக்கு ஒரு பட்டயம் எழுதிக் கொடுத்தார். அதுதான் கிழக்கிந்தியக் கம்பெனி. அந்தக் கம்பெனியின் முதல் கப்பற்படை 1601-ல் புறப்பட்டது. அதற்குத் தலைவன் ஜேம்ஸ் லங்காஸ்டர். இவன் யார்? ஆறு வருஷத்துக்கு முன், 1595-ல், பிரேசில் நாட்டில் பெர்னாம்புக்கோ துறைமுகத்தைச் சூறையாடிக் கப்பல் கப்பலாக அள்ளிக்கொண்டு வந்த லைசென்ஸ் கொள்ளைக்காரன். அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் அவனைத் தலைவனாக வைத்தார்கள்.

அவர்கள் மிளகு வாங்கச் சுமத்ரா தீவுக்குப் போனார்கள். கையில் கொண்டு போனது என்ன? இங்கிலீஷ் கம்பளித் துணியும் வெள்ளிக் காசும். வெயில் கொளுத்தும் தேசத்தில் கம்பளியை யார் வாங்குவார்கள்? அந்தத் தீவுகளில் மிளகுக்குப் பதிலாக ஜனங்கள் கேட்டது நம் பருத்தித் துணி. அந்தத் துணி கம்பெனியிடம் இல்லை.

1602 அக்டோபரில் மலாக்கா ஜலசந்தியில் லங்காஸ்டரின் ஆட்களும் ஒரு டச்சுக் கூட்டாளியும் காத்திருந்தார்கள். ஒரு பெரிய போர்த்துக்கீசியக் கப்பல் வந்தது. எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிருந்து வடக்கே, கடலோரமாகவே நடந்து போனால் ஒரு நாளில் போய்ச் சேரக்கூடிய சாந்தோமிலிருந்து! அதன் வயிறு நிறையச் சோழமண்டலக் கரையில் நெய்த துணி. சாயம் போட்டது, பூ எழுதியது, வெள்ளைத் துணி எல்லாம் இருந்தன. பிடித்தார்கள். நாள் கணக்காக மூட்டைகளைத் தங்கள் கப்பலுக்கு மாற்றினார்கள். அந்தத் துணியைக் கொண்டு போய் ஜாவாத் தீவில் பாண்டம் துறைமுகத்தில் மிளகு வாங்க உபயோகித்தார்கள். 1603-ல் மிளகோடு லண்டன் திரும்பினார்கள். புது ராஜா லங்காஸ்டருக்கு 'சர்' பட்டம் கொடுத்தார்.

கம்பெனிக்காரர் புத்திசாலித்தனத்தால் சம்பாதித்தார்கள் என்று புத்தகத்தில் படிக்கிறோம். அவர்களுடைய முதல் பயணத்துக்குக் கை கொடுத்த மூலதனத்தில் ஒரு பகுதி, நம் நெசவாளி குழித் தறியில் காலை வைத்து நெய்த துணி. அதுவும் விலை கொடுக்காத துணி.

"துணியை நெசவாளி முன்பே வியாபாரிக்கு விற்றுவிட்டானே, கப்பல் போனால் அவனுக்கு என்ன நஷ்டம்?" என்று யாராவது கேட்கலாம். ஆலைத் தோழர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். சரக்கு தேங்கினாலும் சரி, தொலைந்தாலும் சரி, முதலாளியின் நஷ்டம் கடைசியில் யார் கூலியில் இறங்குகிறது? லாபம் மாடிப்படி ஏறும். நஷ்டம் வாசற்படி இறங்கும்.

அந்தச் சம்பவத்துக்கு 37 வருஷம் கழித்து, 1639-ல், அதே கம்பெனி சாந்தோமுக்குப் பக்கத்திலேயே இடம் வாங்கிக் கோட்டை கட்டத் துவங்கியது. அதுதான் சென்னப்பட்டணம்.

தரங்கம்பாடி மதில்

ஆங்கிலேயன் மட்டும்தான் இப்படியா? தெற்கே தரங்கம்பாடிக்குப் போவோம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க் தேசத்தார் அங்கே கோட்டை கட்டினார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. சொந்த ஊரிலோ யுத்தமும் கடனும். கப்பல் வருவது நின்றது. கால் நூற்றாண்டுக்கு மேல் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை.

தரங்கம்பாடிக் கோட்டைக்காரர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? 1642-ல் பழைய வியாபாரத் தகராறு ஒன்றைக் காரணம் காட்டி மொகலாய சாம்ராஜ்யத்தின் மேல் யுத்தப் பிரகடனம் செய்தார்கள்! எங்கே மொகலாய சாம்ராஜ்யம்? எங்கே தரங்கம்பாடி? கொசு யானையின் மேல் யுத்தம் தொடுத்த கதை. ஆனால் கொசுவுக்கு ஒரு கணக்கு இருந்தது. யுத்தம் என்று அறிவித்துவிட்டால் வங்காளத்துக் கப்பலைப் பிடிப்பது கொள்ளை ஆகாது. ராஜா பேரால் நடக்கும் யுத்தம் ஆகிவிடும். வங்காளக் குடாவில் காத்திருந்து கப்பல்களைப் பிடித்தார்கள். சரக்கைத் தரங்கம்பாடியில் விற்றார்கள். பிடித்த கப்பலைத் தங்கள் கப்பலாகவே வைத்துக்கொண்டார்கள்.

பின்னால் வியாதியிலும் சண்டையிலும் அங்கிருந்த டேனிஷ்காரர் ஒவ்வொருவராக மறைந்தார்கள். 1655-ம் வருஷத்து வாக்கில் கொங்ஸ்பக்கே என்ற ஒரு சாதாரண மனிதன்தான் மிச்சம். அவன் நம் ஊர் ஆட்களை வைத்துக்கொண்டே கப்பல் பிடிக்கும் தொழிலை நடத்தினான். அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினான். 1669-ல்தான் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்து எட்டிப் பார்த்தது. அந்த மதிலுக்கு மண் சுமந்தவர்கள் நம்மவர்கள். பிடிபட்ட கப்பல்களில் பாய்மரம் இழுத்தவர்களும் நம்மவர்கள்தான்.

இரை இல்லையேல் கூலி இல்லை

இனி மாலுமியின் கதையைப் பார்ப்போம். லைசென்ஸ் கொள்ளையில் பங்கு கிடைத்தால் மாலுமியும் பணக்காரன் ஆகியிருப்பானே என்று தோன்றும். இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் ஒன்று இருக்கிறது. அதுவும் நம் நாட்டுக் கடலில் நடந்ததுதான்.

வில்லியம் கிட் என்றொரு கப்பல் தலைவன். 1696-ல் இங்கிலாந்து ராஜா வில்லியம் அவனுக்கு லைசென்ஸ் கொடுத்தார். பிரெஞ்சுக் கப்பலைப் பிடிக்கலாம், கடற்கொள்ளைக்காரரையும் பிடிக்கலாம். பணம் போட்டவர்கள் யார் யார்? பெல்லமான்ட் பிரபு, சாமர்ஸ் பிரபு, ஆர்ஃபோர்டு பிரபு இன்னும் சில பெரிய மனிதர்கள். ஒருவர் நாட்டின் உயர்ந்த நீதி அதிகாரி, ஒருவர் கடற்படைக்கு மேலதிகாரி. இவர்கள் பேர் வெளியே தெரியாதபடி ஏற்பாடு. ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு.

மாலுமிகளுக்கு என்ன ஏற்பாடு? "இரை இல்லையேல் கூலி இல்லை." கப்பல் பிடித்தால் பங்கு உண்டு, பிடிக்காவிட்டால் ஒரு காசு கிடையாது. அந்தப் பங்கும் மொத்தத்தில் கால் பாகத்துக்கு மேல் போகக்கூடாது என்று பிரபுக்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். ஒன்றுமே அகப்படாமல் போனால் போட்ட பணத்தில் பெரும் பங்கைக் கிட்டும் அவன் கூட்டாளியும் திருப்பிக் கட்ட வேண்டும். பிரபுக்கள் பங்கு கேட்பார்கள், நஷ்டம் கேட்க மாட்டார்கள். அறுவடையில் பங்கு வாங்கிக்கொண்டு வறட்சிக்குப் பொறுப்பேற்காத மிராசுதாரை விவசாயத் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். அதே கணக்கு.

மாதக்கணக்காகச் சுற்றினார்கள். இரை கிடைக்கவில்லை. வியாதியில் பலர் செத்தார்கள். கப்பல் ஒழுகியது. வயிற்றெரிச்சலோடு பேசிய வில்லியம் மூர் என்ற பீரங்கிக்காரனைக் கிட் இரும்பு வளையம் போட்ட வாளியால் மண்டையில் அடித்தான். 1697 அக்டோபர் கடைசியில் அந்தத் தொழிலாளி செத்துப்போனான்.

1698 ஜனவரியில் மலபார்க் கரையில் ஒரு கப்பல் அகப்பட்டது. வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் போன கப்பல் அது. பட்டு, மஸ்லின், சர்க்கரை எல்லாம் இருந்தன. சரக்கு ஆர்மீனிய வியாபாரிகளுடையது, மொகலாய தர்பாரின் பெரிய மனிதர் ஒருவருக்கும் அதில் பங்கு. ஆனால் கப்பலில் பிரெஞ்சுச் சீட்டு இருந்தது. "பிரெஞ்சுச் சீட்டு இருந்தால் அது பிரெஞ்சுக் கப்பல், நம் லைசென்ஸ்படி பிடிக்கலாம்" என்று கிட் பிடித்தான்.

தர்பார் கொதித்தது. கம்பெனியின் வியாபாரமே ஆட்டம் கண்டது. உடனே லண்டனில் கிட் கொள்ளைக்காரன் ஆகிவிட்டான். விசாரணையின்போது, தன்னைக் காப்பாற்றக்கூடிய அந்தப் பிரெஞ்சுச் சீட்டுகளைக் கொண்டு வரச் சொன்னான். அவை காணவில்லை! 1701 மே 23-ம் தேதி லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் அவனைத் தூக்கில் போட்டார்கள். முதல் தடவை கயிறு அறுந்தது. மறுபடி போட்டார்கள். பிணத்தைச் சங்கிலியில் கட்டிக் கப்பல்கள் போகும் வழியில் தொங்கவிட்டார்கள்.

பிரபுக்கள்? பார்லிமெண்டில் அவர்கள் மேல் குற்றச்சாட்டு வந்தது. விடுதலையாகி வீட்டுக்குப் போனார்கள். காணாமல் போன சீட்டுகள் இருநூறு வருஷம் கழித்து எங்கே கிடைத்தன தெரியுமா? சர்க்கார் ஆவணக் காப்பகத்திலேயே!

கிட் நல்லவன் என்று நாம் சொல்ல வரவில்லை. வாளியால் அடிபட்டுச் செத்த மூரின் ரத்தம் அவன் கையில் இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். காகிதம் எழுதியவனுக்குப் பட்டம், பணம் போட்டவனுக்கு விடுதலை, காகிதத்தைக் கையில் பிடித்தவனுக்குக் கயிறு. காகிதம் யாரைக் காப்பாற்றுகிறது என்பது அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. அதை எடுத்து ஒளிக்கும் சக்தி யாருக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கோவளத்தில் ஏறி இறங்கிய கொடி

இப்போது நம் கோவளத்துக்கே வருவோம். இங்கே பறந்தது கொள்ளைக் கப்பலின் கொடி அல்ல, வியாபாரக் கொடி. ஆனாலும் காகிதத்தின் ரகசியம் இந்த ஊரில்தான் வெட்ட வெளிச்சமாகிறது.

ஆங்கிலக் கம்பெனி, டச்சுக் கம்பெனி, பிரெஞ்சுக் கம்பெனி மூன்றும் தங்கள் தங்கள் நாட்டில் ஏகபோகம் வைத்திருந்தன. கம்பெனிக்கு வெளியே இருக்கும் வியாபாரி இந்தியாவுக்குக் கப்பல் விடக்கூடாது. விட்டால் அத்துமீறியவன் என்று பிடிப்பார்கள். அந்த வியாபாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு பெல்ஜியம் என்று சொல்லும் நாட்டில் ஆஸ்டெண்ட் என்று ஒரு துறைமுகம். அது வியன்னாவில் இருந்த சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸின் ஆட்சியில் இருந்தது. அவரிடம் கடற்சீட்டு வாங்கினார்கள். இங்கிலீஷ்காரன், டச்சுக்காரன், பிரெஞ்சுக்காரன் எல்லாரும் ஒரே ராத்திரியில் வியன்னாச் சக்கரவர்த்தியின் பிரஜை வேஷம் போட்டார்கள். வியன்னா எங்கே? கடலையே பார்க்க முடியாத உள்நாட்டு நகரம். அந்த ஊர்க் காகிதத்தோடு ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தார்கள்.

வந்து இறங்கிய இடங்களில் ஒன்று இதே கோவளம். ஐரோப்பியர் வாயில் கோவலாங், கபேலோன் என்றெல்லாம் சிதைந்த பெயர் நம் ஊர்ப் பெயர்தான். இங்கே ஒரு வியாபாரச் சாவடி, வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையில் பாங்கிபஜாரில் ஒன்று. 1722 டிசம்பரில் சக்கரவர்த்தி ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு முறையான பட்டயம் எழுதிக் கொடுத்தார். மூலதனம் 60 லட்சம் கில்டர். ஆன்ட்வெர்ப் நகரில் பங்கு விற்றபோது பணக்காரர்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள்.

சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயருக்குப் பொறுக்கவில்லை. டச்சுக்காரருக்கும் பொறுக்கவில்லை. ஏன்? துணியைத் தாங்கள்தான் வாங்க வேண்டும், தாங்கள் சொல்வதுதான் விலை என்று இருந்தவர்களுக்கு, பக்கத்திலேயே இன்னொருவன் கடை போட்டால் பொறுக்குமா? ஐரோப்பாவில் சண்டை மூளும் நிலை வந்தது.

முடிவு எப்படி வந்தது? சக்கரவர்த்திக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் மரியா தெரேசா பட்டத்துக்கு வர வேண்டும், அதற்கு மற்ற ராஜாக்களின் சம்மதம் வேண்டும். "மகளுக்குச் சிம்மாசனம் வேண்டுமா, கம்பெனி வேண்டுமா?" என்று பேரம் நடந்தது. 1727-ல் கம்பெனியை ஏழு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார். 1731 வியன்னா உடன்படிக்கையில் கம்பெனியையே ரத்து செய்தார். முத்திரை போட்ட அதே கை காகிதத்தைக் கிழித்துப் போட்டது.

கோவளத்து நெசவாளியை, படகோட்டியை, மூட்டை தூக்கியவரை யாராவது கேட்டார்களா? கொடி ஏறும்போதும் கேட்கவில்லை, இறங்கும்போதும் கேட்கவில்லை.

பிறகு இங்கே ஆற்காடு நவாபின் கோட்டை இருந்தது. அதை 1750-ல் பிரெஞ்சுக்காரர் சூழ்ச்சி செய்து பிடித்தார்கள். 1752-ல் கிளைவ் படையோடு வந்து அவர்களிடமிருந்து பறித்து, கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தான். அந்தப் படையில் வந்த வெள்ளைச் சிப்பாய்கள் யார்? லண்டன் சாராயக் கடைகளில் ஆள் பிடிக்கும் தரகர்கள் வளைத்துக் கப்பலேற்றிய ஏழைகள். கோட்டையிலிருந்து வந்த குண்டு ஒருவனைக் கொன்றதும் மற்றவர்கள் மிரண்டு ஓடினார்கள். ஒருவன் மறுநாள் ஒரு கிணற்றின் அடியில் கிடந்தான் என்று ஆங்கிலேயரே கேலியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் கேலி செய்ய மாட்டோம். யாருடைய லாபத்துக்காகவோ கண் காணாத தேசத்துக்கு வந்து, கோவளத்துக் கிணற்றில் ஒளிந்துகொண்ட அந்த மனிதனும் ஒரு கூலிக்காரன்தான்.

அரிசிக் கப்பல்

கோட்டை போன பிறகும் கடலில் காகிதக் கொள்ளை நிற்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இங்கிலாந்தும் பிரான்சும் மோதிக்கொண்ட வருஷங்களில் வங்காளக் குடாவில் ரொபேர் சூர்கூஃப் என்ற பிரெஞ்சுக்காரன் பெயர் கேட்டாலே கம்பெனிக் கப்பல்கள் நடுங்கின.

இவனை மொரீஷியஸ் கவர்னர் லைசென்ஸ் கொடுக்காமல்தான் அனுப்பினார். இவன் நேராக வங்காளக் குடாவுக்கு வந்து, வரிசையாகக் கப்பல்களைப் பிடித்தான். அவற்றில் அரிசி ஏற்றிப் போன கப்பல்களும் உண்டு. 1796 ஜனவரி 29-ம் தேதி இருபது ஆள்கூட இல்லாமல் டிரைட்டன் என்ற பெரிய கம்பெனிக் கப்பலையே பிடித்துவிட்டான். திரும்பிப் போனதும் "லைசென்ஸ் இல்லை" என்று சொல்லி மொரீஷியஸ் சர்க்கார் கப்பல்களைத் தானே எடுத்துக்கொண்டது. கொள்ளைப் பொருளைச் சொந்தக்காரரிடம் திருப்பித் தரவில்லை, கவனியுங்கள்! சூர்கூஃப் பாரிசுக்குப் போய் வழக்காடிப் பணம் வாங்கினான். அடுத்த தடவை லைசென்ஸோடு வந்தான். 1800 அக்டோபர் 7-ம் தேதி கென்ட் என்ற கம்பெனிக் கப்பலைப் பிடித்தான். நெப்போலியன் அவனுக்குக் கௌரவப் பதக்கம் கொடுத்தார்.

இந்த வீரனின் இன்னொரு பக்கம் என்ன? 1794-ல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமை முறையை ரத்து செய்தது. அதற்குப் பிறகும் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றி விற்றவன் இவன். ஏகாதிபத்தியக் கம்பெனியை அடித்தான் என்பதற்காக இவனை நம் நண்பனாக நினைத்துவிடக்கூடாது. கழுகும் பருந்தும் சண்டை போட்டால் கோழிக்குஞ்சுக்கு விமோசனம் இல்லை.

காகிதத்தை யார் கிழிப்பது?

1856 ஏப்ரலில் பாரிஸ் நகரில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி, லைசென்ஸ் கொள்ளையை ஒழித்ததாகப் பிரகடனம் செய்தன. மனம் திருந்தியா? இல்லை. அதற்குள் பெரிய யுத்தக் கப்பற்படைகள் வந்துவிட்டன. உலகில் அதிக வியாபாரக் கப்பல் வைத்திருந்த பிரிட்டனுக்கு, மற்றவர் கையில் இந்தக் காகிதம் இருப்பது ஆபத்தாகப் பட்டது. கடற்படை பலம் குறைவாக இருந்த அமெரிக்கா அன்று கையெழுத்துப் போட மறுத்தது. லெட்டர் ஆஃப் மார்க் கொடுக்கும் அதிகாரம் அந்நாட்டு அரசியல் சட்டத்தில் இன்றும் எழுதப்பட்டிருக்கிறது.

ஆஸ்டெண்ட் கம்பெனியின் காகிதத்தை ராஜாக்கள் கிழித்தார்கள். பாரிசிலும் வல்லரசுகள்தான் கிழித்தன. அப்படியானால் காகிதத்தைக் கிழிப்பது எப்போதும் மேலே இருப்பவர்கள் வேலைதானா? உழைப்பவர்கள் ஒருநாளும் கிழித்ததில்லையா?

கிழித்திருக்கிறார்கள். இது கொள்ளை லைசென்ஸ் அல்ல, மீன்பிடி லைசென்ஸ். ஆனால் கடலும் காகிதமும் அதேதான். 1991-ல் இந்திய சர்க்கார் புதிய ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது. கூட்டு முயற்சி என்ற பெயரிலும் குத்தகை என்ற பெயரிலும் அந்நியக் கப்பல்கள் நம் கடலில் மீன் பிடிக்க லைசென்ஸ் கிடைத்தது. அந்தக் காகிதத்திலும் முத்திரை இருந்தது. கட்டுமரக்காரரை யாரும் கேட்கவில்லை.

ஆனால் இந்தத் தடவை கேட்காதவர்கள் கேட்க வேண்டி வந்தது. 1994-ல் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டுமரக்காரரும் விசைப்படகுக்காரரும், தங்களுக்குள் இருந்த சண்டையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்றாக நின்றார்கள். சர்க்கார் முராரி கமிட்டியை அமைத்தது. அந்தக் கமிட்டி 1996-ல், இந்த லைசென்ஸ்களை ரத்து செய்ய வேண்டும் என்று சிபாரிசு செய்தது. 1997-ல் சர்க்கார் சிபாரிசுகளை ஏற்றது. அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. கடலில் இன்றும் வம்பு இருக்கிறது. ஆனால் முத்திரை போட்ட காகிதமும் திரும்பி வரும் என்பதை அன்று கண்டோம்.

தோழர்களே! நம் வாழ்க்கை முழுவதும் காகிதம்தான். ஆலையில் ஒப்பந்தச் சீட்டு. வயலில் குத்தகைச் சீட்டு. படகுக்குக் கடன் பத்திரம். பெண்கள் குழுவாகச் சேர்ந்து கையெழுத்துப் போடும் வட்டிப் பத்திரம். களத்துமேட்டில் இரண்டு பிடி நெல்லை முந்தானையில் முடிந்த பெண்ணுக்குத் திருடி என்று பெயர். ஆலை வாசலில் நம் மடியை அவிழ்த்துச் சோதனை போடுகிறார்கள். காகிதம் வைத்துக்கொண்டு அள்ளுகிறவனின் மடியை யார் சோதிக்கிறார்கள்?

ஆகவே இன்று வீட்டுக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கொண்டு போங்கள். எந்தக் காகிதத்தை யார் நீட்டினாலும் கேளுங்கள். கையெழுத்துப் போட்டது யார்? லாபத்தில் பங்கு யாருக்கு? நஷ்டம் வந்தால் யார் தலையில்? படிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். விடை தெரியும் வரை கைநாட்டு வைக்காதீர்கள். தனியாகக் கேட்டால் அதட்டுவார்கள். பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள்.

அந்தக் கோட்டை தரைமட்டம் ஆயிற்று. ஆஸ்டெண்ட் கொடியும் போயிற்று, நவாப் கொடியும் போயிற்று, கம்பெனிக் கொடியும் போயிற்று. இந்தக் கரையில் விடிந்தால் கடலுக்குப் போகிறவர் மட்டும் போகவில்லை. நாளை விடியற்காலையும் அவர் இங்கேதான் கட்டுமரம் தள்ளுவார். தள்ளும் கைகள் சேர்ந்து நிற்கட்டும்!